பரவாயில்லைக்கு எத்தனை மார்க்?

என் மருத்துவ ஃபைலில் 3.4 என்று ஓர் எண் இருக்கிறது. நீல பால்பாயிண்டில் எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டிருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தது நான்தான். கூட்டலும் வகுத்தலும் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் இரண்டு வருஷமாக அது தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. மேலூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவள் நான். சாயங்காலம் ஐந்து ரூபாய் இடித்தால்கூட வவுச்சரையெல்லாம் மறுபடி கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுத்தாவணி பஸ்ஸைப் பிடிப்போம். அப்படிப்பட்டவளின் ஃபைலில், டேலி ஆன மாதிரியே உட்கார்ந்திருக்கிறது ஒரு தப்பான எண்.

எனக்கு இருப்பது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். சொன்னால் பாதிப் பேர் "ஓ, ஸ்பாண்டிலோசிஸா, எங்க மாமாவுக்கும் இருக்கு, கழுத்துல பட்டை போட்டிருக்காரு" என்பார்கள். அது வேறு. அது எலும்பும் ஜவ்வும் தேய்வது, வயதானால் பலருக்கும் வரும். இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் முதுகெலும்பையும் அது இடுப்பெலும்போடு சேருகிற மூட்டையும் எதிரி என்று நினைத்து மோதுவது. பெரும்பாலும் இருபதுகளில் தொடங்கும். அழற்சி நீடித்தால், அந்த இடத்தில் புது எலும்பு முளைத்து முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மற்ற முதுகுவலிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஓய்வெடுத்தால் இது கூடும், நடமாடினால் குறையும். இது தெரியாமல் பெல்ட், பலகைப் படுக்கை, எண்ணெய்த் தேய்ப்பு, "பதினைந்து நாள் அசையாமல் படு" என்று ஏழு வருஷம் போயிற்று எனக்கு. ஆம்பளைகளுக்கு வருகிற நோய் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். பத்து ஆணுக்கு ஒரு பெண் என்றுகூடக் கணக்குச் சொன்னார்கள். அதெல்லாம் இப்போது மாறிவிட்டது. மாறினது என் ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெரு டாக்டர் வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இஞ்சு டேப்

அப்பா தையல்காரர். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில், திருமலை நாயக்கர் காலத்துத் தூண்களுக்கு நடுவில், ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும் போடுகிற அளவு இடத்தில் நாற்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர். இப்போது அந்தக் கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அப்பா போகவில்லை, கண் மங்கிவிட்டது என்று நிறுத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் எனக்கு அளவெடுப்பது அம்மா, நோட்டில் குறித்துக்கொள்வது அப்பா. நான் வயதுக்கு வந்ததிலிருந்து அதுதான் ஏற்பாடு. டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்ததும், அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிற அப்பா, "மூச்ச நல்லா இழுக்கச் சொல்லு" என்பார். மூச்சு இழுத்தால் எவ்வளவு விரிகிறது என்று பார்த்து அதற்கு இடம் விட்டுத்தான் ஜாக்கெட் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் கொக்கி தெறிக்கும்.

எனக்கு 29 வயதில், தீபாவளி ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது நடந்தது இது. "மூச்ச இழுக்கச் சொல்லு." "இழுத்துட்டாளாம்." "எங்க இழுத்தா? நீ சொன்ன நம்பர்தானே திரும்பச் சொல்ற?" அம்மா மறுபடி பார்த்தாள். ஒரு இஞ்சு கூட நகரவில்லை. "சாப்பாடு பத்தல, ஒட்டிக் கெடக்கா" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அப்பா மட்டும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பக்கத்தைப் புரட்டி, "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒன்ற இஞ்சு விட்டிருக்கேன்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. விலா எலும்புகள் முதுகெலும்போடு சேருகிற மூட்டுகளை இந்த நோய் பிடித்தால் மார்பு விரிவது குறையும், ஆரோக்கியமான உடம்பில் அது சுமார் இரண்டு இஞ்சு இருக்கும் என்று பின்னால் வாசித்தபோது எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது. என் நோயை முதலில் அளந்தவர்கள் அப்பாவும் அம்மாவும்தான். அளந்தது என்னவென்றுதான் தெரியவில்லை.

தெரியவைத்தது கண். 31 வயதில் இடது கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்த்தாலே குத்தியது. பக்கத்து வீட்டில் மெட்ராஸ் ஐ என்றார்கள். மூன்று நாள் கழித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனால், விளக்கை அடித்துப் பார்த்த இளம் டாக்டர், கண்ணுக்குள் அழற்சி, யூவியைட்டிஸ் என்று சொல்லிவிட்டு, கண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி கேட்டார். "காலைல எந்திரிக்கும்போது இடுப்பு பிடிச்சுக்குமா?" நான் ஏழு வருஷமாகக் காத்திருந்த கேள்வி அது. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு என்றாவது ஒருநாள் கண்ணில் இப்படி வருமாம். அப்புறம் எச்.எல்.ஏ.-பி27 ரத்தப் பரிசோதனை, இடுப்பு எக்ஸ்ரே, வாதநோய் நிபுணர் என்று வரிசையாக நடந்தது. அந்த மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1973இல்தான் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு இருக்கிற எல்லாருக்கும் நோய் வராது, பெரும்பாலானவர்களுக்கு வரவே வராது. எனக்கு வந்தது.

வாதநோய் டாக்டரின் மேஜையில் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஓர் இஞ்சு டேப் சுருண்டு கிடந்தது. மஞ்சள் நிறம், அப்பா வைத்திருப்பது மாதிரியே. என்னை நிற்கவைத்து இடுப்புக்குக் கீழே, இரு பக்கமும் குழி விழுகிற இடத்தின் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு. அதற்கு மேலே 10 சென்டிமீட்டர், கீழே 5 சென்டிமீட்டர், இரண்டு கோடு. "குனிங்கம்மா, முழங்காலை மடக்காம." முதுகு வளைகிறபோது தோல் விரிந்து அந்த 15 சென்டிமீட்டர் 20க்கு மேல் போக வேண்டுமாம். எனக்கு 18. ஷோபர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1937இல் எழுதிவைத்த சோதனை. கீழே உள்ள 5 சென்டிமீட்டர் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. அப்புறம் சுவரில் முதுகை ஒட்டி நிற்கச் சொல்லி, காதுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஓர் அளவு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தையல்காரர் மகள் என்பதால் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. நம்ம உடம்பை டேப் வைத்து அளந்துவிட்டார்கள், இனி துணி சரியாக வெட்டுவார்கள்.

ஆனால் இந்த டேப் சொல்வது ஒன்று, டாக்டருக்குத் தெரிய வேண்டியது இன்னொன்று. முதுகு வளையவில்லை என்றால், இன்றைக்கு அங்கே அழற்சி எரிந்துகொண்டிருப்பதால் இருக்கலாம். எப்போதோ எரிந்து அணைந்து எலும்பு ஒட்டிப்போனதாலும் இருக்கலாம். முதலாவதுக்கு மருந்து உண்டு. இரண்டாவதை எந்த மருந்தும் பிரிக்காது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வருஷக்கணக்காகும், அது நேற்றைய தீயின் கரி. ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சியைக் காட்டும் புரதத்தைப் பார்க்கலாம், ஆனால் இந்த நோயில் கணிசமான பேருக்கு வலி உயிரை எடுக்கும்போதுகூட அது நார்மலாக இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் எலும்புக்குள் நீர் கோத்திருப்பது தெரியும், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் எம்.ஆர்.ஐ. எடுப்பது? அப்போது இன்றைக்கு நோய் எவ்வளவு வேகமாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நோயாளியைக் கேட்க வேண்டியதுதான்.

ஆறு கேள்விகள்

1994இல் இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் இந்தக் கேட்பதற்கு ஓர் ஒழுங்கு செய்தார்கள். ரோமானியர் காலத்திலிருந்தே வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊர். நம் ஆட்கள் குற்றாலத்துக்குப் போவதுபோல அங்கே மூட்டுவலிக்காரர்கள் குளிக்கப் போவார்கள். அங்கே 1738இல் தொடங்கி, பின்னால் வாதநோய்க்கென்றே ஆகிவிட்ட ஓர் ஆஸ்பத்திரியும் இருந்தது. அவர்கள் செய்தது ஆறு கேள்வி. பாஸ்டாய் என்று பெயர். கடந்த ஒரு வாரத்தில் அசதி எவ்வளவு, கழுத்து, முதுகு, இடுப்பு வலி எவ்வளவு, மற்ற மூட்டுகளில் வலி வீக்கம் எவ்வளவு, தொட்டாலோ அழுத்தினாலோ வலிக்கிற இடங்களால் தொந்தரவு எவ்வளவு, காலையில் எழுந்ததும் பிடிப்பு எவ்வளவு கடுமை, அந்தப் பிடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. கடைசி இரண்டும் ஒரே சங்கதி என்பதால் அவற்றின் சராசரியை எடுத்து, முதல் நான்கோடு கூட்டி, ஐந்தால் வகுக்க வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த கட்ட மருந்தைப் பற்றி யோசிக்கிற கோடும் அதுதான்.

நான் போன தனியார் ஆஸ்பத்திரியில் அதைத் தமிழில் அச்சடித்து வைத்திருந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் ஐந்தாவது கேள்வியில் 'காலை நேர விறைப்புத்தன்மை' என்று போட்டிருந்தார்கள். பெரியார் பஸ் நிலையம் சுற்றி எந்தச் சுவரைப் பார்த்தாலும் லாட்ஜ் வைத்தியர் போஸ்டரில் அந்த வார்த்தை எதற்காக இருக்கும் என்று தெரிந்த எவளும் சிரிக்காமல் அதை நிரப்ப முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத நான் நிரப்பணுமா?" என்றார். 'பிடிப்பு' என்று போட்டிருந்தால் தீர்ந்தது. எங்கள் பக்கம் கிழவி முதல் குழந்தை வரை அப்படித்தான் சொல்வார்கள்: "இடுப்பு பிடிச்சுக்கிச்சு." வலிக்கும் அப்படித்தான். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, இழுப்பு என்று எத்தனை வைத்திருக்கிறோம். எனக்கு இடுப்பில் இருந்தது குடைச்சல், குதிகாலில் கடுப்பு, நெஞ்செலும்பில் குத்தல். தாளில் இருந்தது ஒரே வார்த்தை, வலி, அதற்குக் கீழே ஒரு கோடு.

இது சின்னக் குறைதான். பெரிய சிக்கல் என்னிடம் இருந்தது. எப்படியிருக்கிறாய் என்று யார் கேட்டாலும் பரவாயில்லை என்று சொல்லி வளர்ந்தவள் நான். நாம் எல்லோருமே அப்படித்தான். காய்ச்சல் 102 இருந்தாலும் பரவாயில்லை, மாமியார் வீட்டில் சண்டையென்றாலும் பரவாயில்லை. பரவாயில்லைக்கு எத்தனை மார்க்? அசதிக்கு நான் 4 போட்டேன். ஐந்துக்குக் கீழே, அதே நேரம் ஒன்றுமில்லை என்றும் சொல்லாத எண். முதுகு வலிக்கும் 4. மற்ற மூட்டுகளுக்கு 2. அழுத்தினால் வலிக்கிறதா என்ற கேள்விக்கு, மேலூர் பஸ்ஸில் யாராவது முழங்கை நெஞ்சில் இடித்தால் கண்ணில் பூச்சி பறக்கும், ஆனால் அதற்கு பஸ்தானே காரணம் என்று 3. காலைப் பிடிப்பின் கடுமை 5. எவ்வளவு நேரம்? இங்கேதான் திணறினேன். ஐந்து மணிக்கு எழுந்து அடுப்படிக்குப் போகிறவளுக்குப் பிடிப்பை மணி பார்த்து அளக்க ஏது நேரம்? இட்லி ஊற்றி, தண்ணீர் பிடித்து, பிள்ளைக்குத் தலை பின்னி முடிக்கும்போது எப்போதோ விட்டிருக்கும். அரை மணி நேரம் என்று வைத்து 3 போட்டேன். ஐந்துக்கும் மூன்றுக்கும் சராசரி 4. நாலும் நாலும் ரெண்டும் மூணும் நாலும் 17. ஐந்தால் வகுத்தால் 3.4.

"நாலுக்குக் கீழதான் இருக்கு. நல்லாருக்கீங்க, இதே மாத்திரையக் கன்டின்யூ பண்ணுங்க" என்றார்கள். எனக்குப் பாஸ் மார்க் வாங்கின மாதிரி சந்தோஷம். கீழே டீக்கடையில் பருத்திப்பால் குடித்தோம்.

ஆய்வுகளில் பார்த்தால் இந்தத் தாளில் பெண்கள் ஆண்களைவிட அதிக எண்ணைத்தான் போடுகிறார்களாம். எக்ஸ்ரேயில் சேதம் குறைவாகவும் சொந்தக் கணக்கில் வேதனை அதிகமாகவும் இருக்குமாம். நான் அந்தச் சராசரியில் சேராத ஆள்.

அடுத்த வருஷம் மறுபடி கண் சிவந்தது. கண் டாக்டர் கண்டித்து அனுப்பியதால் வேறொரு வாதநோய் நிபுணரிடம் போனேன். அந்த அம்மாவும் தாள் கொடுத்தார், நானும் பழக்கப்பட்ட கையாய் அதே எண்களைப் போட்டேன். மாற்ற என்ன இருந்தது? ஒரு கேள்வி கூடுதல்: மொத்தத்தில் உங்கள் நோய் எப்படி இருக்கிறது? அதற்கும் 4. சி.ஆர்.பி. 4 மில்லிகிராம், லேப் தாளில் நார்மல் என்று போட்டிருந்தது. அவர் போனில் எதையோ தட்டிவிட்டு, "பாஸ்டாய் 3.4, ஆனா ஆஸ்டாஸ் 2.2 வருதே" என்றார். இது 2009இல் வந்த இன்னொரு அளவுகோல். முதுகுவலி, பிடிப்பு நீடிக்கும் நேரம், மொத்த மதிப்பீடு, மற்ற மூட்டுகள் என நோயாளி சொல்கிற நாலுக்கும் தனித்தனி எடை கொடுத்து, சி.ஆர்.பி.யின் மடக்கை மதிப்பையும் சேர்த்துக் கூட்டுவது. 1.3க்குக் கீழே நோய் அடங்கியிருக்கிறது, 2.1க்கு மேலே போனால் அதிகம், 3.5க்கு மேலே மிக அதிகம். ஒரே நாள், ஒரே உடம்பு, ஒரே பேனாவில் போட்ட அதே எண்கள். ஒரு கோலில் பாஸ், இன்னொரு கோலில் மயிரிழையில் ஃபெயில்.

அவர் அந்த எண்ணோடு நிற்கவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். இடுப்பு மூட்டின் இரண்டு பக்கமும் எலும்புக்குள் அழற்சி வெள்ளையாகத் தெரிந்தது. இத்தனை வருஷ மாத்திரைக்குப் பிறகும் இப்படியென்றால் ஊசிக்குப் போகலாம் என்றார். அதற்கு முன்னால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் மாண்டூ ஊசி, நெஞ்சு எக்ஸ்ரே. காசநோய் உறங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்து எழுப்பிவிட்டுவிடும் என்பதால் நம் நாட்டில் அதைப் பார்க்காமல் தொடங்க மாட்டார்கள். அப்புறம் அடாலிமுமாப், 40 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2014 கடைசியில் இங்கேயே ஒரு நிறுவனம் அதன் நகல் மருந்தைத் தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் என் மாதிரிச் சம்பளக்காரர்கள் நினைத்துப் பார்க்கவே முடிந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். எங்கள் ஃபிரிட்ஜில் தோசை மாவுத் தூக்குக்கும் தயிருக்கும் பின்னால் ஒரு டிஃபன் டப்பாவில் இருக்கும். கரண்ட் போனால் வீட்டில் முதலில் கேட்கிற குரல் என் மகளுடையது: "ஃபிரிட்ஜத் தொறக்காதீங்க, அம்மா மருந்து!"

புரண்டு படுத்தது

மூன்றாவது ஊசி போட்டு நாலைந்து நாள் இருக்கும். விடியற்காலையில் பால்காரர் மணிச்சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் என்ன விசித்திரம் என்றே புரியவில்லை. அப்புறம் உறைத்தது: படுக்கும்போது வாசலைப் பார்த்துத்தான் படுத்தேன். இடையில் எப்போது புரண்டேன்?

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பதினான்கு வருஷமாக நான் தூக்கத்தில் புரண்டதில்லை. புரள வேண்டுமென்றால் முழித்துக்கொள்ள வேண்டும். முதலில் வலது கையால் கட்டில் சட்டத்தைப் பிடிப்பது. அப்புறம் முழங்காலை மடக்கிக் கொள்வது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஒரு துண்டாக, மரக்கட்டையைத் திருப்புவதுபோல, திருப்புவது. கடைசியாகத் தோள். நாலு கட்டம். இரவுக்கு இரண்டு, மூன்று முறை. அதிகாலை மூன்று மணிக்கு மேல் படுக்கவே முடியாமல் எழுந்து ஹாலில் நடப்பேன். இதையெல்லாம் நான் யாரிடமும் மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. எல்லோரும் இப்படித்தான் புரள்கிறார்கள், எனக்குக் கொஞ்சம் சத்தம் கூட என்று நினைத்திருந்தேன்.

கட்டிலில் உட்கார்ந்து வலதுபக்கம் புரண்டு பார்த்தேன். இடதுபக்கம் புரண்டு பார்த்தேன். வீட்டுக்காரர், "என்ன பண்ற?" என்றார். "ஒண்ணுமில்ல, தூங்குங்க." எழுந்துபோய் பீரோ மேலிருந்த ஃபைலை எடுத்து, அடுப்படித் திண்ணையில் வைத்து, அந்தப் பழைய தாளைப் பார்த்தேன். முதுகு வலி 4. எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நாலு கட்டமாகப் புரண்டவள், மூன்று மணிக்கு எழுந்து நடந்தவள் 4 போட்டிருக்கிறாள். 0 என்றால் என்னவென்று மறந்துபோனவள் போட்ட 4. தாளின் இடது ஓரத்தில் 'வலி இல்லை' என்று அச்சடித்திருக்கிறது. அது எப்படியிருக்கும் என்று எனக்கு அந்த விடியற்காலை வரை தெரியாது. ஒரு முனை தெரியாமல் நடுவில் புள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மகளின் பென்சிலால் பக்கத்திலேயே போட்டுப் பார்த்தேன், அந்த நாளுக்கு இன்றைய கண்ணால். அசதி 7. முதுகு 8. மற்ற மூட்டு 3. அழுத்தினால் வலி 6. பிடிப்பு 8, நேரம் 6. கூட்டி வகுத்தால் 6.2. வங்கிக்காரிக்குச் சும்மா இருக்க முடியுமா, ஆஸ்டாஸையும் போட்டேன். மொத்த மதிப்பீடு 8 என்று வைத்தால், அதே சி.ஆர்.பி.யோடு 3.3. மூன்று மாதம் கழித்துச் செக்கப்பில் எனக்கு வந்தது 0.9. இந்த அளவுகோலில் 1.1 குறைந்தால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், 2.0 குறைந்தால் பெரிய முன்னேற்றம் என்று வைத்திருக்கிறார்கள். ஃபைலின்படி நான் 2.2இலிருந்து 0.9, அதாவது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். என் பென்சிலின்படி 3.3இலிருந்து 0.9, பெரிய முன்னேற்றம். எது நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை வில்லாபுரம் போயிருந்தபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். பாஸ்டாயும் மண்ணும் அவருக்கு எதற்கு, பொதுவாகத்தான் சொன்னேன்: அப்போது வலியைக் குறைத்துச் சொல்லிவிட்டேன்பா. அவர் ஒரு பழைய கதையை எடுத்தார். ஒரு வருஷம் ஸ்கூல் யூனிஃபார்ம் சீசனில் தைத்துக் கொடுத்த சட்டையெல்லாம் டைட் என்று திரும்பி வந்ததாம். மெஷினைச் சந்தேகப்பட்டு, உதவிக்கு இருந்த பையனைத் திட்டி, கடைசியில் டேப்பை எடுத்து இரும்பு ஸ்கேல் பக்கத்தில் போட்டுப் பார்த்தால், 60 இஞ்சு டேப் 61 இஞ்சு நீளம் இருந்திருக்கிறது. வருஷக்கணக்கில் கழுத்தில் தொங்கி, இழுத்து இழுத்துப் பிடித்து, துணி டேப் நீண்டுவிட்டது. 36 இஞ்சு மார்பை அது 35½ என்று காட்டியிருக்கிறது. "இழுபட்ட டேப்பு கொறச்சுத்தான் காட்டும் தாயி" என்றார். "ஆளு மேல தப்பில்ல."

திருத்தமும் எதிர்ப்பதிவும்

அடுத்த முறை டாக்டரிடம் பென்சில் கணக்கைக் காட்டி, பழைய எண்ணை மாற்றச் சொன்னேன். அவர் படித்துப் பார்த்தார், சிரிக்கவில்லை. "மாத்த முடியாதும்மா. அன்னைக்கு நீங்க போட்டது அன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்ச அளவு. இப்ப நீங்க போட்டிருக்கிறது ஞாபகம். நல்லாயிட்டவங்க பழச யோசிச்சா கூடவும் சொல்லிருவாங்க. எது சரின்னு நான் எப்படிச் சொல்றது?" எனக்குப் பதில் வரவில்லை. உண்மைதானே, ஆத்திரத்தில் போட்ட 8 அது. நிதானமாகப் போட்டால் 7 போட்டிருப்பேனோ என்னவோ. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னைக்குத் தேதி போட்டு, புரண்டு படுக்கிற விஷயத்த ஒரு பத்தியா எழுதிக் குடுங்க, பின்னாடி வச்சுத் தைச்சிடறேன்" என்றார். அது எனக்குப் பிடித்தது. எங்கள் வங்கியிலும் தப்பாகப் போன பதிவை அழிக்கக் கூடாது. வெள்ளை மை தடவினால் ஆடிட்டில் மாட்டுவோம். அது அப்படியே இருக்கட்டும், திருத்தத்துக்கு இன்றைய தேதியில் ஓர் எதிர்ப்பதிவு போட வேண்டும்.

ஆனாலும் முள் முழுதாக இறங்கவில்லை. மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு கோடு 4இல் நிற்கிறது. அந்தக் கோட்டை நெருங்குகிற ஒவ்வொருவரும் அவரவர் டேப்போடு வருகிறார்கள். பல வருஷம் வலித்தவரின் டேப் எவ்வளவு இழுபட்டிருக்கும் என்று பார்க்க இரும்பு ஸ்கேல் எங்கே இருக்கிறது? சி.ஆர்.பி. அந்த ஸ்கேல் இல்லை, எனக்கு அது கடைசி வரை நார்மல். வலியோடு பழகிய ஆளை வெளியிலிருந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கையோடு இதே ஊரில் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு முப்பது வயதில் ருமட்டாய்டு வாதம் வந்து விரல்களெல்லாம் கோணிப்போயின. அவருக்கு வந்தது வேறு வாதம், ஆனால் அந்தக் கோணிய விரல்களை வைத்துக்கொண்டு அவர் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் அறுவை செய்தார். அவரிடம் இந்த மாதிரித் தாளைக் கொடுத்திருந்தால் என்ன போட்டிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன். வேலை செய்ய முடிவதும் நோய் அடங்கியிருப்பதும் வேறு வேறு என்பதால்தான் பாத் ஆட்கள் அதே 1994இல் அன்றாட வேலைகளுக்கென்று தனித் தாள் செய்தார்கள். ஆனால் நம் வீடுகளில் இரண்டும் ஒன்றுதான். எழுந்து சமைத்துவிட்டாள் என்றால் நல்லாருக்கிறாள்.

போன மாதச் செக்கப்பில் எனக்கு முன்னால் பெஞ்சில் ஒரு பையன். 22, 23 இருக்கும், உசிலம்பட்டிப் பக்கம் என்றான், ஏதோ பைக் மெக்கானிக் கடையில் வேலை. கையில் அதே தாள், நகத்தில் கிரீஸ். என் பேனாவைத்தான் வாங்கியிருந்தான். "அக்கா, இதுல என்ன போடணும்?" என்றான். "ஒனக்கு எப்படியிருக்குன்னு தோணுதோ அதப் போடு." "பரவால்லக்கா." சொல்லிவிட்டு இரண்டாவது கேள்வியில் 3 போட்டான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அடுத்தவர் தாளில் தலையிடக் கூடாது என்று எனக்கும் தெரியும், சொல்லிக் கொடுத்துப் போடுகிற எண் அவனுடைய எண் இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன். "ராத்திரி புரண்டு படுக்கணும்னா என்ன பண்ணுவ?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "எல்லாரும் பண்றதுதான்க்கா. சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு..." என்று தொடங்கி, கையைத் தலைக்கு மேலே தூக்கி, அந்தக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி காட்டினான். காட்டிக்கொண்டே நிறுத்திவிட்டான். உள்ளேயிருந்து பதினான்காம் டோக்கன் என்று கூப்பிட்டார்கள். அது என்னுடையது. பேனா அவனிடமே இருந்தது.